கேட்டுத்தான் தொடுவார்

கோயமுத்தூரில் ‘ங்க’ போடாமல் பேசுகிற ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். என் லேத்துப் பட்டறையில் ஸ்பேனரை என் காலிலேயே போட்டவனைக்கூட, “ஏனுங்க, கண்ணு தெரியலீங்களா?” என்றுதான் திட்டியிருக்கிறேன். பெற்ற பிள்ளைகளிடமும் போடுவோம். “ஒரு வாய் உண்ணுங்க சாமி” என்று கொஞ்சுவோம். அந்த மரியாதையெல்லாம் பிள்ளை சோற்றைத் துப்பும் வரைக்கும்தான். துப்பிவிட்டால் முதுகில் ஒன்று விழும்.

துப்பிய பிறகும், கடித்த பிறகும், மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி எறிந்த பிறகும் ‘ங்க’வை விடாத ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். கணபதியில், பட்டறையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் கிளினிக் வைத்திருந்த பல் டாக்டரம்மா. ஐம்பதைத் தாண்டிய வயது. குள்ளம். வெள்ளைக் கோட்டுப் போடமாட்டார், கோட்டைக் கண்டால் பிள்ளைகள் ஓடுகிறார்கள் என்பார். சாதாரணப் பருத்திச் சேலை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. தன் பேரை எங்காவது எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அதனால் நானும் எழுதவில்லை.

எங்கள் மகள் தாரணிக்கு அப்போது ஆறு வயது. ஆட்டிசம். பேச்சு கிடையாது. கூடவே வலிப்பும் உண்டு. வலிப்புக்குக் கொடுத்த மருந்து பாகு மாதிரி இனிக்கும். காலையிலும் படுக்கப் போகும்போதும் கொடுப்போம். அவள் போகிற சிறப்புப் பள்ளியில் எதைச் சொல்லிக்கொடுத்தாலும் மிட்டாய் கொடுத்துத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். உட்கார்ந்தால் ஒரு தேன்மிட்டாய், கை கழுவினால் ஒரு தேன்மிட்டாய். அவர்களையும் குறை சொல்ல முடியாது. உட்காரவே தெரியாத பிள்ளை அப்படித்தான் உட்காரக் கற்றுக்கொண்டது. ஆனால் பல் என்ன ஆகும்? சொல்ல வேண்டியதில்லை.

பல் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்குப் பல் வலித்தால், தன் கன்னத்தைத் தானே அறைந்துகொள்ளும். ராத்திரி பகல் என்று பார்க்காது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் முதலில் வேறொரு இடத்துக்குப் போனோம். அங்கே தாரணியைப் பெட்ஷீட்டில் சுற்றினார்கள். நான் கால், என் மனைவி கவிதா கை, ஒரு நர்ஸ் தலை, இன்னொரு பெண் தாடை. ஒரு பல்லைப் பிடுங்கி முடிப்பதற்குள் தாரணி மூத்திரம் போய்விட்டாள். அன்றிலிருந்து பிரஷ்ஷைக் கண்டால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். இரண்டு உதட்டையும் உள்ளே இழுத்துப் பூட்டிக்கொள்வாள். கவிதாவின் விரலில் இன்னும் அந்தக் கடித் தழும்பு இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் யாரோ சொல்லி டாக்டரம்மாவிடம் வந்தோம். முதல் நாள் அவர் தாரணி முன்னால் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டார்.

“அம்மணி, வாயைப் பாக்கட்டுங்களா?”

தாரணி மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். எதற்குக் காத்திருக்கிறோம் என்றே எனக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “சரிங்க, இன்னைக்கு வேண்டாமுங்க” என்று கண்ணாடியை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டார்.

“ஏனுங்கம்மா, அவளுக்குப் பேச்சு வராதுங்க” என்றேன்.

“தெரியுமுங்க.”

“அப்பறம் அவ எப்படிங்க சரின்னு சொல்லுவா?”

“சொல்றப்ப நமக்குத் தெரியுமுங்க.”

வெளியே வந்ததும் கவிதாவிடம் கத்தினேன். நான் இரும்போடு வேலை செய்கிறவன். ஜாப் என்கிற இரும்புத் துண்டை வைஸ் இடுக்கியில் இறுக்கிப் பிடிக்காமல் டிரில் வைத்தால் ஜாப்பும் போகும், விரலும் போகும். பிடிக்காமல் வேலை பார்க்கிறேன் என்று ஒரு டர்னர் சொன்னால் அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிடுவேன். கவிதா நான் கத்துவதைக் கேட்டு முடித்துவிட்டு, “உங்களை யாரும் வைஸ்ல வெச்சுப் புடிச்சதில்லையில்லீங்க” என்றாள். அடுத்த வாரமும் வந்தோம்.

வேறு வழி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மயக்கம் கொடுத்து ஒரே நாளில் எல்லாப் பல்லையும் சரிசெய்கிற வழியை டாக்டரம்மாவே முதலில் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியது. ஆனால் தாரணியின் வலிப்பு டாக்டர், வலிப்பு கட்டுக்குள் வராமல் மயக்க மருந்து வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அப்புறம் மிச்சம் இருந்தது இரண்டு வழி. பிடிக்கலாம், இல்லாவிட்டால் கேட்கலாம். டாக்டரம்மாவுக்குக் கேட்க மட்டும்தான் வரும்.

கேட்பதற்கு என்னென்னவோ செய்தார். நாற்காலியை ஏற்றி இறக்குகிற பெடலைத் தாரணியின் காலுக்குக் கொடுத்துவிட்டார். நாற்காலி ஏறும், இறங்கும், ஏறும். தாரணி சிரிப்பாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து பல்லைக் கடிப்பேன். வாரா வாரம் பட்டறையைப் போட்டுவிட்டு வந்து பிள்ளைக்கு ராட்டினம் சுற்றிவிட்டுப் போகிறோமே என்று இருக்கும்.

ஒருநாள் என்னைப் பார்த்து, “நீங்க வந்து உக்காருங்க” என்றார். தாரணி பார்ப்பதற்காகவாம். உட்கார்ந்தேன்.

“ஏனுங்க, வாயைப் பாக்கட்டுங்களா?”

“பாருங்கம்மா, அதுக்குத்தானுங்க உக்காந்திருக்கறேன்.”

“கேக்கோணுமில்லீங்க” என்று கண்ணாடியை உள்ளே விட்டார். அவர் முகம் மாறியது. “ஒரு வாய் பாக்கைப் போட்டுக் கொதப்பிப்போட்டு இந்தப் பிள்ளைக்குப் பல்லுக் காட்ட வந்திருக்கறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா?”

கவிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தாரணி நாற்காலியின் பக்கத்தில் வந்து நின்று என் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். அவள் அப்படி எதையும் நெருங்கி வந்து பார்க்கிற பிள்ளை இல்லை. டாக்டரம்மா கண்ணாடியை எடுத்ததும், எப்போதும் சொல்வதைச் சொன்னார்: “பாத்துப்போட்டேனுங்க. மூடிக்கலாமுங்க.” இதை அவர் சொல்லாமல் விட்டதே கிடையாது. வாயைத் திறக்கச் சொல்கிறவர்கள் உண்டு. மூடிக்கொள்ளலாம் என்று சொல்கிற டாக்டரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. பாக்குப் போடுவதை அன்றோடு விட்டேன் என்று சொன்னால் பொய். குறைத்தேன்.

மாடிப்படி ஒரு தனித் தொல்லை. பெட்ஷீட்டில் சுற்றிய பழைய இடமும் மாடியில்தான் இருந்தது. படியைக் கண்டாலே தாரணி ரோட்டில் உட்கார்ந்துவிடுவாள். பள்ளியில் செய்கிற மாதிரி பாதிப் படியில் ஒரு தேன்மிட்டாய், மேலே போனதும் ஒன்று என்று கவிதா கூட்டிப்போவாள். பல் டாக்டரைப் பார்க்கப் போவதற்கு மிட்டாய் கொடுத்துக் கூட்டிப்போகிற கூத்தை நீங்கள் எங்கேயும் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கவிதா இதை டாக்டரம்மாவிடம் மறைக்கவில்லை. மாதுளம்பழம், பொரி, பொம்மை எல்லாம் வைத்துப் பார்த்தோம், எதற்கும் படி ஏற மாட்டேன் என்கிறாள் என்று சொன்னாள். டாக்டரம்மா கவிதாவின் கையிலிருந்த மிட்டாய்ப் பையைப் பார்த்தார்.

“குடுங்க. வந்தாத்தானுங்களே கேக்க முடியும். மேல வந்ததும் ரெண்டு மடக்குத் தண்ணி குடுத்துப்போடுங்க.”

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தால் வேறென்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தால் ஒன்றும் வருவதில்லை.

எல்லோருக்கும் அவரைப் பிடித்தது என்று எழுத முடியாது. கொடுமுடிப் பக்கத்திலிருந்து ஒரு புருசனும் பெண்சாதியும் ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். பையனுக்குக் கை கால் விறைத்து, கழுத்து நிற்காது. கரும்பு வெட்டுகிற குடும்பம். விடிவதற்கு முன்னால் கிளம்பி இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். டாக்டரம்மா அந்தப் பையனிடமும் கேட்டார். பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். “சரிங்க” என்று கண்ணாடியை வைத்தார்.

அந்தத் தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். “புடிச்சு எடுத்துப்போடுங்கம்மா. நாங்க புடிச்சுக்கறோமுங்க. மறுக்கா எங்களால வர முடியாதுங்க.”

“உங்க ஊருக்குப் பக்கத்துல ஒரு டாக்டரைப் பாத்துச் சொல்றேனுங்க. வலிக்கு மருந்து எழுதறேன். ஆனாப் புடிச்சு நான் செய்யமாட்டேனுங்க.”

புருசன் எழுந்தான். பையனைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். அந்தப் பெண் படியில் நின்று திரும்பி, “கேட்டுக் கேட்டு நீங்க நல்லவளாயிட்டீங்க, எம் பையன் வலில சாகறானுங்க” என்றாள். டாக்டரம்மாவுக்குக் கேட்டிருக்கும். எனக்கே கேட்டதே. அடுத்து தாரணிதான். “அம்மணி, வாயைப் பாக்கட்டுங்களா?” என்றபோது அவர் குரல் எப்போதும் போலவே இருந்ததுதான் எனக்கு என்னவோ செய்தது. காத்திருப்பதற்கும் ஒரு வசதி வேண்டும். பட்டறை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறவனுக்கு அது இருந்தது. கரும்புக் காட்டுக்காரனுக்கு இல்லை.

அன்றைக்கு நான் கேட்டே விட்டேன். அப்படி என்னம்மா பிடிவாதம் என்று.

அவர் தட்டில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தார். “நானும் புடிச்சவதானுங்க. நல்லாப் புடிப்பேன். மத்த டாக்டருங்கெல்லாம் எங்கிட்டத்தான் அனுப்புவாங்க. ஒரு பையனுக்கு வாயெல்லாம் சுத்தமாச் சரிபண்ணிக் குடுத்தேனுங்க. கொஞ்ச நாள் கழிச்சு அவங்கம்மா வந்துது. பல்லு நல்லா இருக்குதுங்க, ஆனா இப்ப வாய்கிட்ட யாரு கையும் போக முடியல, சோறூட்ட முடியலைன்னுச்சு. எலும்பும் தோலுமாத் தூக்கிட்டு வந்துது.” துடைத்த தட்டை மூடி வைத்தார். பையன் என்ன ஆனான் என்று நானும் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை.

தாரணி கொஞ்சம் கொஞ்சமாக வந்தாள். கண்ணாடியைக் கையில் வாங்கிக்கொண்டாள். அதில் ஃபேனைப் பார்த்தாள். டாக்டரம்மா விரலில் கொஞ்சம் மருந்தைத் தொட்டு, கேட்டு, அவள் உதட்டைச் சுருக்கிக்கொள்ளாத ஒரு நாளில் முன்பல்லில் தடவினார். அன்று கவிதா கோயிலுக்குப் போகலாம் என்றாள். போனோம். பின்பக்கத்துப் பற்கள் எப்படி இருக்கின்றன என்று மட்டும் யாருக்கும் தெரியாது. வாய் அவ்வளவு தூரம் திறக்கவில்லை. நாற்றம் வந்தது. டாக்டரம்மாவுக்கும் அது தெரிந்திருக்கும். வாரம் இரண்டு தடவை வரச் சொன்னார். கேட்பதை மட்டும் விடவில்லை.

இப்படி ஒரு வருசத்துக்கு மேல் ஓடியது. பூட்டிக்கொண்ட வாய் திறப்பதற்குள் பல் போய்விடக் கூடாது என்பதுதான் எங்கள் ஓட்டம். அதில் பல்தான் முந்தியது.

ஒரு காலையில் தாரணியின் வலது கண்ணைக் காணோம். கன்னம் அவ்வளவு வீங்கியிருந்தது. உடம்பு கொதித்தது. அவளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். மிட்டாய் கேட்கவில்லை, கத்தவில்லை, துணி மாதிரி என் தோளில் கிடந்தாள். டாக்டரம்மா பார்த்ததும் அப்படியே நின்றார். கண்ணாடியை எடுக்கவே இல்லை.

“இனிக் கேக்கறதுக்கு நேரமில்லீங்க” என்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. அவரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். அவரே எங்களோடு ஆட்டோவில் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் சீழ் வற்ற ஊசியில் மருந்து ஏற்றினார்கள். வலிப்பு டாக்டரும் மயக்க டாக்டரும் பேசினார்கள். அத்தனை நாள் வேண்டாம் என்றதை இப்போது வேறு வழியில்லை என்றார்கள். தியேட்டர் கதவுக்கு வெளியே டாக்டரம்மா ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் குனிந்து தாரணியின் காதருகே பேசினார். “அம்மணி, இன்னைக்குக் கேக்காமச் செய்யப்போறோமுங்க. மன்னிச்சுப்போடுங்க.” பக்கத்தில் நின்ற வார்டு பாய் என்னைப் பார்த்தான். இது என்ன பைத்தியம் என்கிற மாதிரி. நானும் வேறொரு நாளாக இருந்தால் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

மயக்க முகமூடியை வைக்கும்போது பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னை உள்ளே கூப்பிட்டார்கள். இரும்பு பிடித்த கை. பிடித்தேன்.

பால்பல் அத்தனையும் போனது. அது போனால் முளைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். பின்னால் புதிதாக வந்திருந்த கடைவாய்ப் பற்களும் போயின. அவை முளைக்காதவை. முன்னால் அப்போதுதான் எட்டிப் பார்த்திருந்த நாலு பல்லை மட்டும் விட்டுவைத்தார்கள். எடுத்ததை ஒரு கிண்ணத்தில் காட்டினார்கள். கவிதா பார்க்க மாட்டேன் என்றுவிட்டாள்.

வீட்டுக்கு வந்த தாரணி கன்னத்தை அறைந்துகொள்வதை நிறுத்திவிட்டாள். இதைச் சொல்லாமல் இருந்தால் பாவம். ஒரு வருசமாக அவள் எவ்வளவு வலியில் இருந்திருக்கிறாள் என்பது அறைந்துகொள்வது நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவளுக்குச் சோற்றைக் குழையப் பிசைந்து கொடுத்தோம். தேன்மிட்டாயை வாயில் வைத்துவிட்டு, கடிக்க முடியாமல் வெளியே எடுத்துப் பார்ப்பாள்.

ஈறு ஆறிய பிறகு காட்டச் சொல்லியிருந்தார்கள். டாக்டரம்மாவிடமே போனோம். படிக்குக் கீழே கவிதா பையில் மிட்டாயைத் தேடிக்கொண்டிருந்தாள். தாரணி அவள் கையை உதறிவிட்டுத் தானாக ஏறினாள். நாங்கள் மேலே போவதற்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரம்மா எப்போதும் போலக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் கேட்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். இனி எந்த முகத்தோடு கேட்பது? கேட்டார்.

“அம்மணி, வாயைப் பாக்கட்டுங்களா?”

தாரணி ஃபேனைப் பார்த்தாள். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். முன்பல் தெரிகிற அளவுக்கு இல்லை. என்னை நாற்காலியில் உட்காரவைத்துக் காட்டியபோது நான் திறந்தேனே, அப்படி. தொண்டை வரைக்கும்.

சொல்றப்ப நமக்குத் தெரியும் என்றாரே. தெரிந்தது.

டாக்டரம்மா கண்ணாடியை எடுத்து விளக்கைத் திருப்பினார். பல் இருந்த இடம் ஒவ்வொன்றையும் பார்த்தார். வலது மேல், இடது மேல், வலது கீழ், இடது கீழ். வெறும் ஈறு. அவசரமே படவில்லை. கவிதா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. தாரணி அசையவில்லை, கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

“பாத்துப்போட்டேனுங்க அம்மணி. மூடிக்கலாமுங்க.”

மூடினாள். டாக்டரம்மா எழுந்து போய்க் குழாயைத் திறந்து கை கழுவினார். குழாய் ரொம்ப நேரம் ஓடியது. நாங்கள் சொல்லிக்கொண்டு வந்தபோதும் அவர் திரும்பவில்லை.

அதற்கப்புறம் அவர் அதிக நாள் கிளினிக் நடத்தவில்லை. கை நடுங்குகிறது என்று சொன்னார். நான் கவனித்துப் பார்த்தேன், நடுங்கவில்லை. எங்களுக்கு இன்னொரு டாக்டரின் விலாசம் கொடுத்தார். நல்லவர், இளவயசுக்காரர், அவசரத்தில் இருந்தார். தாரணி தானாகவே வாயைத் திறந்தாள். அவர் “குட் கேர்ள்” என்று சொல்லி, கேட்காமல் எதையோ உள்ளே விட்டார். அவர் விரல் கடிபடாமல் தப்பியதே பெரிது. அடுத்த தடவை பெட்ஷீட் கொண்டுவரச் சொன்னார். நாங்கள் போகவில்லை. தையல் கடைக்கு மேலே இப்போது ஒரு டியூஷன் சென்டர் இருக்கிறது. டாக்டரம்மா மகனோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டதாகத் தையல்காரர் சொன்னார், அது சரியா என்று அவருக்கும் தெரியவில்லை.

தாரணி மட்டும் கற்றதை மறக்கவில்லை. எல்லோருக்கும் வாயைத் திறந்து காட்டுகிறாள். கேஸ் சிலிண்டர் போட வருகிறவருக்குக் காட்டுகிறாள். பட்டறைக்கு வேலை கொடுக்க வருகிற பார்ட்டிக்குக் காட்டுகிறாள். டவுன் பஸ்ஸில் எதிர்சீட்டில் இருந்த ஒரு அம்மா, “ஐயோ, என்னடீ இது” என்று எழுந்து போய் வேறு இடத்தில் உட்கார்ந்தார். திறந்த வாயைத் தாரணி தானாக மூடுவதில்லை. எச்சில் வழிந்தாலும், தாடை வலித்து நடுங்கினாலும் மூடுவதில்லை. யாராவது அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும்.

அதனால் நான் சொல்கிறேன். தினமும் பொழுதோட பட்டறையைச் சாத்திவிட்டு வரும்போது வாசலில் நின்று காட்டுவாள். பார்க்காமல் சொன்னால் ஏமாற மாட்டாள். குனிந்து பார்க்க வேண்டும். வலது மேல், இடது மேல், வலது கீழ், இடது கீழ். கடைசியில் அந்த முன்பற்கள். கொஞ்ச நாளாக அதில் ஒன்றின் ஓரத்தில் மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு தெரிகிறது. கவிதாவிடம் இன்னும் சொல்லவில்லை. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே, “பாத்துப்போட்டேனுங்க அம்மணி, மூடிக்கலாமுங்க” என்கிறேன். மூடிக்கொள்கிறாள்.